இரண்டு பேருக்குப் போட்ட இடம்

— கடிச்சா வலிக்குமா மாப்ள?

— வலிக்காது மாமா. ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிக்காது.

— அப்ப கடிச்சதே தெரியாதா?

— தெரியாது. சாக்ஸைக் கழட்டும்போது பார்த்தா, குடிச்சு உருண்டு தானா விழுந்து கிடக்கும். அவ்வளவுதான்.

— என்ன மாப்ள இது, அட்டையைப் பத்திக் கேட்டா ஏதோ விருந்தாளி சாப்பிட்டுட்டு எழுந்து போன மாதிரி சொல்றீங்க! இருங்க, இருங்க. குடிச்சு, உருண்டு, தானா விழும். நல்லாயிருக்கு. இதைச் சொன்னா சிரிப்பா.

— யாரு?

— யாருமில்ல. நீங்க உங்க வேலையைப் பாருங்க.

— மாமா, அங்க மிதிக்காதீங்க.

— எங்க?

— உங்க ஷூ பக்கத்துல. அது செடி.

— ஐயையோ, இத்தனூண்டு இருக்கு! இதுக்கா மூங்கில் குச்சி நட்டு ரிப்பன் கட்டி வச்சிருக்கீங்க? நான் ஏதோ நிலத்தை அளந்து அடையாளம் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்.

— குச்சி இல்லன்னா களை வெட்டும்போது செடியையும் சேர்த்து வெட்டிருவோம். புல்லு அதை விட உசரமா நிக்குது.

— வரிசையா நட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே? என்னைக் கேட்டா, நம்ம கண்ணாடிக் கடையில ஃபிரேம் அடுக்குற மாதிரி அடுக்கியிருக்கணும். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.

— காடு வரிசையா இருக்காதாம். கலந்து கலந்து நடச் சொல்வாங்க.

— யாரு?

— மேடம். இங்க எல்லாத்தையும் பார்த்துக்கிறவங்க. கீழ ஷெட்டுல இருப்பாங்க. வரும்போது பார்த்திருப்பீங்களே.

— பார்த்தேன், பார்த்தேன். நல்ல மாதிரி. உக்காருங்கன்னு பெஞ்சைத் துடைச்சுப் போட்டாங்க. சரி, இது முன்னாடி என்ன இடம்?

— காடுதான். அப்புறம் வெட்டித் தோட்டம் போட்டாங்க. தோட்டமும் நொடிச்சுப் போய் விட்டுட்டுப் போயிட்டாங்க. உண்ணிச்செடி ஏறி முழுசா மூடிருச்சு. இப்ப அதை வெட்டிட்டு, மறுபடி காட்டு மரமா நடறோம்.

— என்னென்ன மரம்?

— நிறைய இருக்கு. இலையைப் பார்த்தா தெரியும். பேரு நிக்க மாட்டேங்குது.

— ஒண்ணு ரெண்டு பேராவது சொல்லுங்க மாப்ள. பேரு இருந்தாத்தான் சொல்றதுக்கு ஒரு இது இருக்கும்.

— இது அத்தி. அந்தா, நீங்க மிதிக்கப் பார்த்தது காட்டு ஜாதிக்காய்.

— ஜாதிக்காய்! அடேயப்பா. இங்க அதை யாரு திங்கிறது?

— இருவாச்சி. பெரிய அலகு இருக்கும். பழத்தை முழுசா முழுங்கிட்டு எங்கயாவது போய்க் கொட்டையைக் கக்கிரும். அது கக்கின இடத்துல மரம் வரும்.

— நீங்க பார்த்திருக்கீங்களா?

— இல்ல. ரெக்கை சத்தம் கேட்டிருக்கேன். பழைய லிஃப்ட்டுல கேபிள் ஓடுற மாதிரி இருக்கும்.

— பாப்பா பார்த்தா.

— என்னது?

— போன வாரம் பார்த்தா. ஜோடியா உக்காந்திருந்துச்சாம், மொட்டையா ஒரு மரத்துல. பேரு தெரியாம, பெரிய மூக்குள்ள பறவைன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். இனிமே பேரோட சொல்லலாம். இருவாச்சி.

— மாமா.

— முறைக்காதீங்க மாப்ள. உங்க அத்தைக்கு தினம் எதையாவது சொல்லியாகணுமில்ல? என் கையில இருக்கிற சரக்கெல்லாம் தீர்ந்து போச்சு. மழை பெஞ்சுது, வழுக்கி விழுந்தா, மறுபடி மழை பெஞ்சுது. எத்தனை நாளைக்கு ஒரு பொண்ணு வழுக்கி விழுந்துக்கிட்டே இருப்பா?

— அவ செத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு மாமா.

— மெதுவா!

— இங்க யாரு இருக்கா? செடிதான் இருக்கு.

— செடி முன்னாடியும் வேண்டாம். அந்த வார்த்தையை நான் இன்னும் என் வாயால சொன்னதில்ல. நீங்க அதை... ஏதோ பல்பு ஃபியூஸ் ஆன மாதிரி சொல்றீங்க.

— வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— சரி விடுங்க. இந்தக் கத்தியைக் கொடுங்க, நானும் ரெண்டு புல்லு வெட்டறேன். சும்மா நின்னா கால் கடுக்குது.

— அது கத்தி இல்ல, அரிவாள். கைப்பிடி ஈரமா இருக்கு, வழுக்கும். நீங்க கையால பிடுங்குங்க. செடியைச் சுத்தி ஒரு வட்டம். வேரோட வரணும்.

— இப்படியா?

— ம். பிடுங்கினதை அங்கயே பரப்பிருங்க. மண்ணு காயாம இருக்கும்.

— மாப்ள, நான் என்ன பண்ணியிருக்கணும்னு நினைக்கிறீங்க? சொல்லுங்க. உங்க அத்தைக்கு அப்பதான் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. அதிர்ச்சியா எதையும் காதுல போட்டுறாதீங்கன்னு டாக்டர் வாசல்லயே நிறுத்திச் சொல்றாரு. அந்த நேரத்துல நான் உள்ள போய், உனக்குக் கஞ்சி கொண்டு வர்ற வழியிலதான் உன் பொண்ணு ஸ்கூட்டரோட பஸ்ஸுக்கு அடியில போயிட்டான்னு சொல்லணுமா? கஞ்சிக்காகப் போனான்னு தெரிஞ்சா அவ அப்புறம் ஒரு வாய் தண்ணி குடிப்பாளா?

— நான் உங்களைத் தப்பு சொல்லல.

— வாய்ல வந்ததைச் சொன்னேன். பாப்பாதான் கொஞ்ச நாளா காடு காடுன்னு பேசிக்கிட்டிருந்தா. லீவு போட்டு உங்களையும் இழுத்துக்கிட்டு மரம் நடப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தா. அதையே சொல்லிட்டேன். சீக்கிரமே கிளம்பச் சொல்லிட்டாங்களாம், ரெண்டு பேரும் போயிட்டாங்க, அங்க டவர் இல்ல, எப்பவாவது ஜங்ஷனுக்கு இறங்கி வந்தா கடை போனுக்குப் பேசுவான்னு.

— நீங்க வாய்ல வந்ததைச் சொன்னீங்க. நான் வந்துட்டேன்.

— வரச் சொன்னது நான்தான். மறுக்கல. நீங்க ஊர்ல இருந்தா, ஒத்தையில நடமாடுறதை யாராவது பார்த்து அவகிட்ட சொல்லிருவாங்களே. ஆனா இவ்வளவு நாள் இருப்பீங்கன்னு நான் நினைக்கல மாப்ள. பத்து நாள் இருந்துட்டு, எங்கயாவது ஃபிரெண்டு வீட்டுக்குப் போயிருவீங்கன்னு பார்த்தேன்.

— எங்க போனாலும் ஒண்ணுதான். இங்க காலையில எழுந்தா இன்ன வேலைன்னு சொல்லிடறாங்க. பை நிரப்பு, குழி வெட்டு, களை எடு. யோசிக்க வேண்டியதில்ல.

— அழுதீங்களா?

— இல்ல.

— இங்க வந்தும் இல்லையா? யாரும் பார்க்க மாட்டாங்களே.

— வரல மாமா. முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவ போட்டோவை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். பசி எடுத்துச்சு, போய்ச் சாப்பிட்டேன். மரத்துப் போன மாதிரி இருக்கு.

— மரம் நடறவரு மரத்துத்தானே போவீங்க.

— வேரு உள்ளயே நின்னுருச்சு மாமா, இன்னொரு தடவை பிடுங்குங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வாய் இப்படித்தான். பயம் வந்தா ஜோக்கு வரும். ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயும் காம்பவுண்டர்கிட்ட ஜோக்கு அடிச்சுக்கிட்டிருந்தேன்.

— இப்ப என்ன பயம்?

— யாரு பயந்தா?

— வந்ததுல இருந்து திரும்பித் திரும்பி பாதையைப் பார்க்கிறீங்க. வேன் சத்தம் கேட்டா நிமிர்றீங்க. போன்ல சொல்லாம வந்திருக்கீங்க. என்ன விஷயம் மாமா?

— இந்தப் புல்லு வரவே மாட்டேங்குது மாப்ள, கையை அறுக்குது.

— மாமா.

— உங்க அத்தை கீழ வேன்ல இருக்கா.

— எங்க?

— கீழ. ஷெட்டுக்கிட்ட. இப்ப வேன்ல இல்ல, அந்த மேடம் போட்ட பெஞ்சுல உக்காந்திருக்கா. நான் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வரேன், நீ வெந்நீர் குடிச்சுட்டு மெதுவா வான்னு சொல்லிட்டு ஓடி வந்தேன்.

— எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— நான் எங்க கூட்டிட்டு வந்தேன்! காலையில வேனை வரச் சொல்லியிருக்கா, எனக்கே தெரியாம. கதவைத் திறந்து ஏறி உக்காந்துட்டா. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா, நடக்கச் சொன்னாரு, காட்டுல நடக்கறேங்கிறா. இறங்குன்னு சொன்னா இறங்கமாட்டேங்கிறா. மாப்ளையைப் பார்க்கணுங்கிறா.

— மாப்ளையையா? பொண்ணைன்னு சொல்லலையா?

— அது ஏதோ வாய் தவறியிருக்கும். இல்ல, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பா. அதையெல்லாம் யோசிக்க இப்ப நேரமில்ல. என்ன சொல்லலாம்? பாப்பா வேற எங்கயோ நடப் போயிருக்கா, இன்னிக்கு வரமாட்டான்னு சொல்லிரலாமா? ஆத்துக்கு அந்தப் பக்கம்? ஆறு இருக்கா இங்க?

— ஓடைதான் இருக்கு. தாண்டிக் குதிக்கலாம்.

— அட போங்க. ஒரு ஆறு கூட இல்லாம என்ன காடு! சரி, டவுனுக்கு மருந்து வாங்கப் போயிருக்கான்னா?

— மாமா, அதை விடுங்க. கீழ மேடம் இருக்காங்க.

— இருக்கட்டுமே.

— மேடத்துக்கு அவ இங்க வரவே இல்லைன்னு தெரியும்.

— ஐயோ. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?

— சொல்லல. இடம் கேட்டு எழுதினது அவதான், ரெண்டு பேருக்குன்னு. நான் தனியா பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னேன். ரூம்ல ரெண்டு கட்டில் போட்டிருந்தாங்க, ரெண்டு போர்வை, ரெண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ். ஒண்ணு சின்ன சைஸு. உங்க வைஃப் வரலையான்னு கேட்டாங்க. அவளுக்கு லீவு கிடைக்கல, பின்னாடி வருவான்னு சொல்லிட்டேன்.

— ஏன்?

— தெரியல. பதில் சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லணும். லீவு கிடைக்கலைன்னா அதோட முடிஞ்சிருது. இன்னும் அந்தக் கட்டிலை அவங்க எடுக்கல.

— அப்ப இங்கயும் அவ இருக்கா.

— நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா? வீட்ல அத்தைக்கு அவ இங்க இருக்கா. இங்க மேடத்துக்கு அவ வீட்ல இருக்கா. அந்த ரெண்டு பேரும் இப்ப ஒரே பெஞ்சுல உக்காந்து வெந்நீர் குடிக்கிறாங்க.

— கடவுளே. ஏன் நிக்கிறீங்க, வாங்க ஓடுவோம்!

— ஓடி என்ன பண்ண? இந்நேரம் பேசியிருப்பாங்க.

— உங்க அத்தை பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாளே. பொண்ணு ஒழுங்கா சாப்பிடறாளான்னு கேட்டிருப்பா. மேடம், எந்தப் பொண்ணுன்னு கேட்டிருப்பாங்க. போச்சு. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். அவளுக்கு நெஞ்சு... மாத்திரை என் பாக்கெட்லதான் இருக்கு, பாருங்க, இதோ இருக்கு...

— மாமா, உக்காருங்க. இப்படி, இந்த மண்மேட்டுல. நான் ஒண்ணு சொல்றேன். இன்னிக்குச் சொல்லிரலாம்.

— என்னத்தை?

— உள்ளதை. இனிமேலும் எத்தனை நாள்? உங்க தெருவுல எல்லாரும் நடிக்கிறாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசல்லயே மடக்கிச் சொல்லிக்கொடுத்து உள்ள அனுப்பறீங்க. அத்தையோட தங்கச்சி வந்தப்ப அழுதுருவாங்கன்னு, தலைவலின்னு பொய் சொல்லி பாதியிலயே திருப்பி அனுப்பினீங்க. அத்தைக்கு இப்ப உடம்பு தேறிருச்சு. மலை ஏறி வர்ற அளவுக்கு இருக்காங்க. சொல்லிரலாம்.

— யாரு சொல்றது?

— நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.

— என்னால முடியாது.

— அப்ப நான் சொல்றேன்.

— வேண்டாம் மாப்ள. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்...

— மாமா, என்ன இது, எழுந்திருங்க. பெரியவங்க நீங்க... எழுந்திருங்கன்னா. உங்க பேன்ட்டெல்லாம் சேறு.

— இன்னும் கொஞ்ச நாள். அவ்வளவுதான் கேக்கறேன். அடுத்த மாசம் டாக்டர் பார்க்கிறாரு. அப்ப சொல்லிக்கலாம்.

— போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. மாமா, அத்தை கேட்டா, அவங்க முகத்தைப் பார்த்து அவ இருக்கா, வந்துருவான்னு என்னால சொல்ல முடியாது. உங்ககிட்ட போன்ல ம்னு கேட்டுக்கறேன். மேடத்துக்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன், அதோட சரி. ஆனா அத்தைகிட்ட முடியாது. என் வாயில வராது.

— அப்ப வாயை மூடிக்கிட்டாவது இருங்க. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே... ஐயோ, வந்துட்டா. அந்தா, குடையை ஊனிக்கிட்டு. எப்படி வர்றா பாருங்க, ஏதோ மார்க்கெட்டுக்கு வர்ற மாதிரி! முகம் எப்படி இருக்கு? எனக்கு இங்கிருந்து தெரியல.

— தெரியல மாமா. மூச்சு வாங்குறாங்க.

— ஏ, இந்தா, மெதுவா! மெதுவா வான்னுதானே சொன்னேன்! அங்கயே நில்லு, நான் கையைப் பிடிச்சுக்கறேன்!

— நீங்க வந்து பிடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம். தள்ளுங்க. மாப்ள, நல்லா இருக்கீங்களா?

— வாங்க அத்தை. நல்லா இருக்கேன்.

— எங்க நல்லா இருக்கீங்க? கன்னம் ஒட்டிப் போச்சு. தாடி வேற. இந்தத் தாடியோட இந்தக் காட்டுல நின்னா, எது மாப்ள எது புதருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

— இங்க கண்ணாடி கிடையாது அத்தை.

— கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மாப்ளைக்கே கண்ணாடி கிடையாதா? என்னங்க, கேட்டீங்களா?

— கேட்டேன், கேட்டேன். ஹஹ. இந்தா, இதைப் பாரு, இது அத்தி. அது காட்டு ஜாதிக்காய். இருவாச்சின்னு ஒரு பறவை இருக்கு பாரு, அது இந்தப் பழத்தை முழுங்கி... அது இருக்கட்டும், கீழ அந்த மேடம் ஏதாவது பேசினாங்களா?

— பேசினாங்க. தங்கமான பொம்பளை. கால்ல உப்புத்தூளைத் தடவிவிட்டாங்க, அட்டை ஏறாதாம்.

— வேற?

— வேற என்ன? எனக்குத் தாகமா இருக்கு. தண்ணி பாட்டிலை வேன்லயே விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வாங்களேன்.

— இங்க மாப்ளகிட்ட இருக்குமே. மாப்ள, உங்க பாட்டில்?

— ஓடைத் தண்ணியை எனக்குக் கொடுக்கச் சொல்றீங்களா? காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும்னு தினம் ஒரு பாட்டம் பாடறீங்க. போங்க. மெதுவா போங்க, வழுக்குது.

— நீங்க ரெண்டு பேரும்... சரி. போயிட்டு உடனே வந்துடறேன். மாப்ள, நான் சொன்னது ஞாபகமிருக்கட்டும். அந்தச் செடி விஷயம்.

— ம்.

— போயிட்டாரா?

— வளைவுல திரும்பிட்டாரு அத்தை.

— திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போறாரு. இருங்க, நானும் உக்காந்துக்கறேன். இந்த மண்ணு ஈரம்தான், பரவாயில்ல.

— அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

— இது களை எடுக்கிறதா? இப்படி வட்டமாவா?

— ஆமா. அத்தை, நான் சொல்றதைக் கேட்டு நீங்க பதறக் கூடாது. மாத்திரை மாமாகிட்ட இருக்கு, அவரு வரட்டும்...

— சொல்லாதீங்க மாப்ள.

— இல்ல அத்தை, இதுக்கு மேல...

— சொல்லாதீங்கன்னு சொல்றேனில்ல. எனக்குத் தெரியும்.

— மேடம் சொன்னாங்களா?

— மேடம், பொண்ணுக்கு லீவு கிடைக்கலையாமே, அடுத்த தடவை நீங்களாவது எடுத்துச் சொல்லி அனுப்பி வைங்கன்னாங்க. சரி, அனுப்பி வைக்கிறேன்னு சொன்னேன்.

— அப்ப உங்களுக்கு எப்படி அத்தை...

— நீங்க ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? உக்காருங்க. எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்ள. அவளைக் கீழ எமர்ஜென்சிக்குக் கொண்டு வந்தப்ப நான் அதே ஆஸ்பத்திரியில மேல மாடியில கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். தூங்கறேன்னு நினைச்சு ரெண்டு நர்ஸு வாசல்ல நின்னு பேசிக்கிட்டாங்க. பாவம், இந்தம்மாவோட பொண்ணுதானாம், டிபன் கேரியரோட ஸ்கூட்டர்ல வந்து அடிபட்டுச்சாம், உயிர் இல்லாமத்தான் வந்துச்சாம்னு. நான் கண்ணைத் திறக்கல. திறந்தா அது நிஜமாயிரும்னு படுத்தே கிடந்தேன்.

— அன்னிக்கேவா?

— கொஞ்ச நேரத்துல உங்க மாமா வந்தாரு. முகத்தைக் கழுவி, தலையை வாரி, சட்டை பட்டனை மேல கீழ மாத்திப் போட்டுக்கிட்டு. வந்து, பாப்பாவும் மாப்ளையும் காட்டுக்குப் போயிட்டாங்கன்னாரு. காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். ஹலோங்கிறதுலயே ஆளு அழுதாரா தூங்கினாரான்னு சொல்லிருவேன். அந்த மனுஷன் குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்படியான்னேன். வேற என்ன சொல்றது? ஆமான்னு தலையாட்டினாரு. அவ்வளவுதான், ஆரம்பிச்சிருச்சு.

— அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அத்தை. வீட்டுக்கு வந்த பிறகு.

— சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா சாயங்காலம் கடையைச் சாத்திட்டு வருவாரு. கைகால் கழுவிட்டு நாற்காலியை என் கட்டில்கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, இன்னிக்குப் பாப்பா பேசினாம்பாரு. அப்ப அவரு முகத்தைப் பார்க்கணும் மாப்ள. பகல் முழுக்க செத்த முகமா இருக்கும். அந்த நேரம் மட்டும் உயிர் வரும். அங்க மழையாம், கால்ல அட்டையாம், பாத்திரம் கழுவ அவ மாட்டேன்னு சொல்லிட்டாளாம். அவ சொல்ற மாதிரியே சொல்வாரு. அவ சிரிக்கிற மாதிரி சிரிச்சுக் காட்டுவாரு. அதை நான் எந்த வாயால நிறுத்தறது?

— உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?

— நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாயங்காலம் ஆனா வாசலைப் பார்க்கறேன். ஒரு நாள், பாப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்குன்னாரு. அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. இந்த மழையில சளியோட என்ன பண்றாளோன்னு இருந்துச்சு. கஷாயம் வச்சுக் கொடுக்க ஆளில்லையேன்னு. தெரியும் எனக்கு, அவ இல்லைன்னு. தெரிஞ்சும் தூக்கம் வரல. நீங்க அழறீங்களா?

— இல்ல அத்தை. வரல.

— எனக்கும் வரல. வந்தா அவருக்குத் தெரிஞ்சிருமேன்னு அடக்கி அடக்கி, இப்ப வரவே மாட்டேங்குது. இது வராமலே போயிருமோ என்னமோ. சரி, நான் வந்தது உங்களுக்காக. எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஆள் துணை இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டாவது பேசிக்கிட்டிருக்கோம். நீங்க ஒத்தையில இங்க வந்து கிடக்கீங்க. அதுவும் எனக்குப் பயந்துக்கிட்டு. எனக்குப் பயப்பட வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். எனக்குத் தெரியும். நீங்க வீட்டுக்கு வரலாம்.

— நான் தனியா வந்து வாசல்ல நின்னா, மாமாவுக்கு அன்னிக்கு சாயங்காலம் சொல்றதுக்கு என்ன இருக்கும்?

— அதுதான் மாப்ள எனக்கும் தெரியல. வழி முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

— மாமாகிட்ட சொல்லப் போறீங்களா? உங்களுக்குத் தெரியும்னு?

— சொல்ல முடியாது என்னால. நீங்க சொல்றதா இருந்தா சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா அவருக்கு அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது... வர்றாரு பாருங்க. பாட்டிலைத் திறந்தபடியே கொண்டு வர்றாரு, பாதித் தண்ணி சட்டையில.

— மாமா, மெதுவா! அந்தப் பக்கமா வாங்க, இங்க சேறு!

— இந்தா... இந்தா தண்ணி. குடி. என்ன ரெண்டு பேரும் மண்ணுல உக்காந்திருக்கீங்க? என்ன பேசிக்கிட்டிருந்தீங்க? மாப்ள, என்ன பேசினீங்க?

— ஏங்க இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க? ஒண்ணுமில்ல. பாப்பா எங்க, ஆளையே காணோமேன்னு கேட்டேன். மாப்ள இன்னும் பதில் சொல்லல.

— மேலதான் போயிருக்கா அத்தை, காலையிலயே விதை பொறுக்கக் கிளம்பிட்டா, திரும்பி வர நாளாகும். தொப்பியைக் கூட எடுக்காம போயிட்டா மாமா, இந்த மழையில. சொன்னா கேக்குற ஆளா அவ?